டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் இருந்தும் பேஸ் ஏன் ஒரே 'டும்' என்றே கேட்கிறது?

கேள்வி இது: ஹேட்ச்பேக் கார். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, முன்கதவுகளில் ஆறரை இன்ச் கம்போனென்ட் ஸ்பீக்கர் (ட்வீட்டர் தனி), பின்கதவுகளில் கோஆக்சியல் (ட்வீட்டரும் சேர்ந்த ஒரே ஸ்பீக்கர்). டிக்கியில் ரெடிமேட் போர்ட் பாக்ஸில் (காற்று வந்துபோகக் குழாய் வைத்த பெட்டி) 12 இன்ச் சப்வூஃபர், அதற்கு 2 ஓமில் 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) தரும் மோனோ ஆம்ப். கார் அதிர்கிறது, ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'டும் டும்'. டிரம் அடியும் பேஸ் கிட்டாரும் தனித்தனியாகத் தெரிவதில்லை. 1000 வாட் ஆம்ப் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. 500 வாட்டை 1000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். அதே 'டும்' இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று பாக்ஸ் எந்த அதிர்வெண்ணில் டியூன் ஆகியிருக்கிறது, அதாவது எதில் முழங்குகிறது என்பது. இன்னொன்று சப்வூஃபரும் கதவு ஸ்பீக்கரும் கைமாறும் 80 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். இவற்றைச் சரிசெய்ய இருக்கிற சாமானே போதும். ஒரு மல்டிமீட்டர், அளவு டேப், போனில் சைன் டோன் (ஒரே அதிர்வெண்ணில் வரும் சுத்தமான ஒலி) எழுப்பும் ஆப், அரை நாள் பொறுமை, இவ்வளவுதான் தேவை.

முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்டீரியோவில் ஈக்வலைசர் ஃப்ளாட், லவுட்னஸ் ஆஃப். ஆம்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம். போனில் இருக்கும் டால்பி, ஈக்வலைசர், சரவுண்ட் எதுவாக இருந்தாலும் ஆஃப், போன் வால்யூம் முழுசு. பேஸ் பூஸ்ட் என்ற திருகியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆம்ப்களில் அது 45 ஹெர்ட்ஸ் ஒன்றை மட்டும் 12 டெசிபல் வரை தூக்கும். 12 டெசிபல் என்றால் அந்த இடத்தில் 16 மடங்கு பவர். 500 வாட் ஆம்பால் அது முடியாது, ஆகவே கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்படும்), சப்வூஃபரின் காயில் சூடேறும். கடையில் டெமோ காட்டும்போது இதைத் திருகித்தான் அசத்துவார்கள். வீட்டுக்கு வந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே மறந்துவிடுங்கள்.

இனி பாக்ஸ். ஸ்டீரியோ வால்யூமைக் குறைத்து வைத்து, 60 ஹெர்ட்ஸ் சைன் டோனில் தொடங்கி 55, 50, 45, 40, 35 என்று இறக்கிக்கொண்டே சப்வூஃபரின் கோனை (முன்னால் அசையும் கூம்பை) பாருங்கள். ஏதோ ஒரு எண்ணில் கோன் கிட்டத்தட்ட நின்றுவிடும், போர்ட்டில் கை வைத்தால் காற்று பலமாக அடிக்கும். அதுதான் அந்தப் பாக்ஸின் டியூனிங். அதற்குக் கீழே போனால் கோன் திடீரென்று கட்டுப்பாடில்லாமல் முன்னும் பின்னும் பாயும், சத்தம் மட்டும் வராது. ஆகவே இந்தச் சோதனையில் வால்யூமை ஏற்றவே கூடாது.

கார் சப்வூஃபருக்கு 32 முதல் 36 ஹெர்ட்ஸ் வரை டியூனிங் இருப்பது நல்லது. ரெடிமேட் பாக்ஸ்களில் 45, 50 என்று வருவது சகஜம், ஏனென்றால் அவற்றில் குட்டைக் குழாய் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளி அளவு 55 × 38 × 32 செ.மீ., பலகை 18 மி.மீ. என்றால் உள்ளளவு 51.4 × 34.4 × 28.4, அதாவது 50 லிட்டர். சப்வூஃபரின் பின்பக்கம் சுமார் 3 லிட்டரும் குழாய் 1 லிட்டரும் அடைக்கும், மிச்சம் 46. அதில் 10 செ.மீ. உள்விட்டமும் 12 செ.மீ. நீளமும் கொண்ட குழாய் இருந்தால் டியூனிங் 51 ஹெர்ட்ஸ்.

சூத்திரம் வேண்டுவோருக்கு: குழாயின் நீளம் = (23562.5 × விட்டத்தின் வர்க்கம் ÷ (டியூனிங்கின் வர்க்கம் × லிட்டர்)) − (0.732 × விட்டம்). நீளமும் விட்டமும் செ.மீ.யில், ஒற்றை வட்டக் குழாய்க்கு மட்டும். செவ்வகப் பிளவு போர்ட் என்றால் அதே பரப்பளவுள்ள வட்டத்தின் விட்டத்தைப் போட்டுத் தோராயமாகப் பார்க்கலாம். ஆனால் பிளவு பாக்ஸின் சுவரை ஒட்டிப் போவதால் விடை கொஞ்சம் விலகும், கோன் நிற்கும் சோதனையையே நம்புங்கள்.

51 ஹெர்ட்ஸ் என்றால் என்ன கெடுதல்? பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள் சும்மா மீட்டினாலே 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். இந்தப் பாக்ஸில் 55 முழங்கும், 41 செத்துப்போகும், 73 பின்தங்கும். கிக் டிரம்மின் உடல் பகுதியும் 50–60 ஹெர்ட்ஸ்தான். எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்து ஒரே ஒலியாகிவிடும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் எப்படி ஊதினாலும் ஒரே சுருதி வருகிறது அல்லவா, அதே இயற்பியல்தான். போதாக்குறைக்குக் காரின் உட்புறமும் சேர்ந்துகொள்கிறது. மூடிய காருக்குள், உள்நீளத்தைப் போல் இரு மடங்கு அலைநீளம் எந்த அதிர்வெண்ணுக்கு வருகிறதோ அதற்குக் கீழே பேஸ் தானாகவே உயரும். உள்நீளம் 2.7 மீட்டர் என்றால் 343 ÷ 5.4, சுமார் 63 ஹெர்ட்ஸ். அதிலிருந்து கீழே இறங்க இறங்க, ஏட்டுக் கணக்கில் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வரை ஏற்றம். நிஜக் காரில் கதவு, கூரை எல்லாம் கொஞ்சம் வளைவதால் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். பாக்ஸின் முழக்கமும் இந்த ஏற்றம் தொடங்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால்தான் நீங்கள் சொல்லும் 'டும்'. சீல்டு பாக்ஸில் (குழாய் இல்லாமல் முழுக்க அடைத்த பெட்டி) சப்வூஃபரின் ஒலி கீழே போகப் போக அதே 12 டெசிபல் வீதம் சரியும். காரின் ஏற்றமும் பாக்ஸின் சரிவும் ஒன்றையொன்று ஈடுகட்டும். சிறிய காரில் சீல்டு பாக்ஸ் இவ்வளவு நன்றாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பழைய டவலை இறுக்கிச் சுருட்டிப் போர்ட்டை அடைத்துவிட்டு, நடுத்தர வால்யூமில் நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போடுங்கள். 'டும்' அடங்கி, அடி தனியாகவும் தந்தி தனியாகவும் கேட்டால் நோய் எதுவென்று உறுதியாகிவிட்டது. சத்தம் சற்றுக் குறைந்திருக்கும், அது இயல்பு.

அந்த ஒலி பிடித்திருந்தால் குழாயைக் கழற்றி, 18 மி.மீ. பலகை வட்டத்தை ஃபெவிகால், ஸ்க்ரூ போட்டு அடைத்து, ஓரத்துக்கு சிலிகான் பூசி, நிரந்தர சீல்டு பாக்ஸ் ஆக்கிவிடுங்கள். 12 இன்ச்சுக்கு சீல்டில் 28–35 லிட்டர் போதும். 46 என்பது பெரிது, அதனால் கோன் அதிகம் ஆடும், முழுப் பவரில் அடிவாங்கக்கூடும். உள்ளே பலகைத் துண்டுகளை ஒட்டிக் கொள்ளளவைக் குறைப்பது நல்லது. தலையணைப் பஞ்சு, பாலியஸ்டர் வகை, லிட்டருக்கு 10 கிராம் வீதம் தளர்வாகப் போட்டால் இன்னும் மென்மையாகும். ஆனால் பஞ்சு போட்டால் பாக்ஸ் சற்றுப் பெரிதானது போலத்தான் நடக்கும் என்பதால், கொள்ளளவைக் குறைத்த பிறகு போடுங்கள்.

போர்ட்டின் பலம் வேண்டும் என்றால் குழாயை நீட்டுங்கள். 34 ஹெர்ட்ஸுக்கு அதே பாக்ஸில் 39 செ.மீ. தேவை. நீண்ட குழாயே கூடுதலாக 2 லிட்டருக்கு மேல் விழுங்கும், அதையும் கழித்துத்தான் இந்த எண். பாக்ஸின் ஆழமோ 28 செ.மீ., நேராக நுழையாது. பிவிசி எல்போ ஒன்று போட்டு வளைத்துக்கொள்ளலாம், நீளத்தை வளைவின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். குழாயின் உள்முனைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே குறைந்தது விட்டத்தின் அளவு, அதாவது 10 செ.மீ., இடைவெளி வேண்டும். 110 மி.மீ. பிவிசி குழாயின் உள்விட்டம் சரியாக 10 செ.மீ. இருக்காது. அளந்து கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஒட்டுவதற்கு முன் டேப் சுற்றிப் பொருத்தி, கோன் நிற்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எந்தப் பாக்ஸானாலும் காற்றுக் கசிவு கூடாது. 40 ஹெர்ட்ஸ் டோன் ஓடும்போது பலகை இணைப்புகளிலும் ஸ்பீக்கர் வளையத்திலும் வயர் டெர்மினலைச் சுற்றியும் ஈரக்கையால் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தில் 'புஸ்' என்று காற்றுத் தெரியும். ரெடிமேட் பாக்ஸில் அதிகம் கசிவது அந்தப் பிளாஸ்டிக் டெர்மினல் கப்தான்.

அடுத்து, சப்வூஃபர் வயரிங். இரட்டைக் காயில் 4+4 ஓம் என்றால் பேரலலாக 2 ஓம், சீரியஸாக 8 ஓம். உங்கள் ஆம்ப் 500 வாட் தருவது 2 ஓமில். 8 ஓமில் கட்டியிருந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள்: 1.7–1.9 ஓம் காட்டினால் 2 ஓம் லோடு, 7 பக்கம் காட்டினால் 8 ஓம் லோடு. இதைவிட மோசமான தவறு, ஒரு காயிலின் பிளஸ் மைனஸை மாற்றிக் கட்டுவது. இரண்டு காயிலும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும். பேஸ் அறவே வராது, மேக்னெட் பக்கம் மட்டும் சுடும். ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஒவ்வொரு காயிலிலும் தொட்டுப் பாருங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொடும்போது இரண்டிலுமே கோன் வெளியே வர வேண்டும்.

ஆம்ப் மேல் எழுதியிருக்கும் வாட்டையும் ஒருமுறை சந்தேகப்பட்டுவிடுங்கள். ஃபியூஸைப் பார்த்தால் உண்மை தெரியும். ஆம்பில் பதித்த ஃபியூஸ்களின் ஆம்பியரைக் கூட்டி, 13.8ஆல் பெருக்கி, கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத ஆம்ப் வகை) என்றால் 0.8ஆல் பெருக்குங்கள். ஒற்றை 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 330 வாட். மேலே 2000 வாட் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தாலும் கணக்கு மாறாது.

500 வாட் நிஜமாக வர பேட்டரியிலிருந்து சுமார் 45 ஆம்பியர் ஓட வேண்டும். டிக்கி வரை 5 மீட்டர் வயர். 4 கேஜ் சுத்தச் செம்பு என்றால் வழியில் 0.2 வோல்ட் போகும், 8 கேஜ் என்றால் 0.5 வோல்ட், 8 கேஜிலேயே செம்பு பூசிய அலுமினியம் என்றால் 0.75 பக்கம். கிட் பாக்கெட்டில் வரும் வயர் பெரும்பாலும் இந்தக் கடைசி ரகம். முனையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். மாற்றுவதானால் 4 கேஜுக்கு இணையான 21 ஸ்கொயர் எம்எம், அல்லது எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 25 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். ஃபியூஸ் 60 ஆம்பியர், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள். டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், நடுவழியில் வயர் தேய்ந்து பாடியில் பட்டால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. காரே எரியும். வயர் என்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எர்த் வயர் அரை மீட்டருக்குள், பவர் வயரின் அதே தடிமனில். பெயின்ட்டை உலோகம் தெரியச் சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு, போல்ட் முறுக்கி, மேலே துருப்பிடிக்காமல் பெயின்ட் அடியுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கவே கூடாது. விபத்தில் ஆளைப் பிடித்துவைக்க வேண்டிய போல்ட் அது.

வயரிங் சரியா என்று ஒரே அளவில் தெரிந்துகொள்ளலாம். என்ஜின் ஓட, 50 ஹெர்ட்ஸ் டோன் பலமாகப் போகும்போது பேட்டரி முனைகளில் ஒரு தடவை, ஆம்ப் முனைகளில் ஒரு தடவை டிசி வோல்ட் எடுங்கள். வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்கு மேல் என்றால் வயர் அல்லது எர்த் கோளாறு. வித்தியாசமே இல்லாமல் இரண்டு இடத்திலும் 12.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ தாங்கவில்லை. அதற்கு கெப்பாசிட்டர் வாங்கச் சொல்வார்கள், வாங்காதீர்கள். ஆல்டர்னேட்டர் தராத மின்சாரத்தை அது உண்டாக்காது.

இப்போது கெயின். இதைப் பலர் இன்னொரு வால்யூம் பட்டன் என்று நினைத்து முழுக்கத் திருகி வைக்கிறார்கள். ஸ்டீரியோ தரும் சிக்னல் வோல்டேஜுக்கு ஆம்பைப் பொருத்தி வைப்பதுதான் அதன் வேலை. முதலில் ஸ்டீரியோவின் நாணயமான உச்ச வால்யூமைக் கண்டுபிடியுங்கள். ஆம்ப் கெயின் எல்லாம் குறைந்தபட்சத்தில் இருக்க, 0 டெசிபல் அளவில் (டிஜிட்டல் பதிவின் உச்ச அளவு) பதிவான 1000 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். சுத்தமான 'ஊ' ஒலி ஒரு கட்டத்தில் கரகரப்போடு கூர்மையாக மாறும். அதற்கு இரண்டு படி கீழே உங்கள் உச்சம். 40 படி உள்ள ஸ்டீரியோவில் இது 30–32 வாக்கில் வரும். அதற்கு மேல் இனி என்றைக்கும் போக வேண்டாம்.

பிறகு சப்வூஃபர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டீரியோவை அந்த உச்சத்தில் வைத்து, 0 டெசிபல் 50 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, ஆம்ப் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்தபடி கெயினைத் திருகுங்கள். எங்கே நிறுத்துவது? வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம். 500 × 2 = 1000, வர்க்கமூலம் 31.6 வோல்ட். கதவு ஸ்பீக்கருக்கு 4 சேனல் ஆம்ப் இருந்து 50 வாட், 4 ஓம் என்றால் 14.1 வோல்ட். மல்டிமீட்டரால் கிளிப்பிங்கைக் காட்ட முடியாது, ஆகையால் 28 வோல்ட்டில் நிறுத்துவதே என் பரிந்துரை. அது 390 வாட், குறைவது ஒரே டெசிபல், காதுக்குத் தெரியாது, காயிலுக்குத் தெரியும். டோனை 50 ஹெர்ட்ஸில் எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மலிவு மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டவை, 50 ஹெர்ட்ஸில்தான் நம்பகமாகக் காட்டும். 1000 ஹெர்ட்ஸில் சில மீட்டர்கள் கண்டபடி சொல்லும். சப்வூஃபரை மாட்டுவதற்கு முன் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்க மறக்காதீர்கள்.

கிராஸ்ஓவருக்கு, அதாவது எந்த ஸ்பீக்கருக்கு எந்த அதிர்வெண் என்று பிரிப்பதற்கு வருவோம். முன்கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (மேலுள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு லோ பாஸ் (கீழுள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒரே சரிவு. ஸ்டீரியோ அனுமதித்தால் ஆக்டேவுக்கு 24 டெசிபல். கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் போடாமல் விடுவதுதான் நான் பார்த்தவரை மிக அதிகமாக நடக்கும் தவறு. ஆறரை இன்ச் கோன் 40 ஹெர்ட்ஸை எழுப்ப முயன்று தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தில் 100–200 ஹெர்ட்ஸ் அடியும் கலங்கிவிடும். லோ பாஸை 120, 150 என்று ஏற்றி வைத்தால் ஆண் குரலின் அடிப்பகுதி டிக்கியிலிருந்து வரும், பாடகர் பின்சீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

இன்னொரு பொறி: ஸ்டீரியோவிலும் லோ பாஸ், ஆம்பிலும் லோ பாஸ். இரண்டும் 80இல் இருந்தால் சரிவு இரட்டிப்பாகி 80 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும், ஃபேஸும் (அலைகள் ஒன்றோடொன்று சேரும் நேரம்) புரளும். ஸ்டீரியோவில் வைத்தால் ஆம்பின் சுவிட்சை ஃபுல் அல்லது ஆஃப், சுவிட்சே இல்லையென்றால் திருகியைக் கடைசி எண் வரை. ஆம்பின் திருகியையே நம்ப வேண்டிய நிலை என்றால் அதில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். 40 ஹெர்ட்ஸ் டோனுக்கு 20 வோல்ட் வருமாறு வைத்து, 80 ஹெர்ட்ஸுக்கு மாற்றும்போது 14 வோல்ட் வர வேண்டும். அப்படி வரும் இடம்தான் நிஜமான 80.

போர்ட் பாக்ஸுக்கு சப்சோனிக் ஃபில்டர் (மிகக் கீழ் அதிர்வெண்களை வெட்டுவது) கட்டாயம். டியூனிங்குக்கு 4–5 ஹெர்ட்ஸ் கீழே, 34க்கு 29–30. சீல்டுக்கு 20 அல்லது ஆஃப். பின்கதவு கோஆக்சியல்களை 100–120 ஹெர்ட்ஸில் வெட்டி, ஃபேடரை (முன், பின் சத்தத்தைப் பங்கிடும் அமைப்பை) முன்பக்கம் தள்ளிவிடுங்கள். பின்சீட்டில் ஆள் இல்லாதபோது அவை பேஸைக் குழப்புவதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை.

எல்லாம் சரி, ஆனாலும் அடியில் 'தட்' இல்லை என்றால் போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ் சரியா என்று பாருங்கள். முதலில் கதவுகள். சப்வூஃபரை ஆஃப் செய்துவிட்டு, 100 ஹெர்ட்ஸ் மோனோ டோனை இடது பக்கம் மட்டும், பிறகு பேலன்ஸை நடுவில் வைத்துக் கேளுங்கள். நடுவில் வரும்போது சத்தம் கூட வேண்டும். குறைந்தால் ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) இல்லாமல் வயர் நிறத்தை ஊகித்து முறுக்கிய வண்டிகளில் இது சர்வசாதாரணம். அடுத்து சப்வூஃபர். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எல்லா ஸ்பீக்கரும் ஓட, 80 ஹெர்ட்ஸ் டோனில் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று யாரையாவது மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி. 180 என்பது தவறு என்ற எண்ணம் சிலருக்கு உண்டு, அப்படி ஒன்றும் இல்லை.

ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் வசதி) இருந்தால் இந்த இடத்தில்தான் பெரிய பலன். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34.3 செ.மீ. போகும். உங்கள் தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடியுங்கள். சப்வூஃபர் 190 செ.மீ., இடது கதவு 140, வலது கதவு 95 என்று வைத்துக்கொள்வோம். மிகத் தொலைவில் இருப்பதற்குத் தாமதம் பூஜ்யம். இடது கதவுக்கு (190 − 140) ÷ 34.3 = 1.46 மில்லி செகண்ட் தாமதம், வலது கதவுக்கு 95 ÷ 34.3 = 2.77. இதைப் போட்டதும் பேஸ் பின்னாலிருந்து கிளம்பி டேஷ்போர்டு பக்கம் வந்து நிற்கும். லோ பாஸ் ஃபில்டரும் தன் பங்குக்கு சப்வூஃபரைத் தாமதப்படுத்துவதால், டேப் அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. கதவுகள் இரண்டின் தாமதத்தையும் ஒன்றாக 0.2 வீதம் ஏற்றி இறக்கி, கிக் டிரம் அடி எங்கே இறுகுகிறதோ அங்கே நிறுத்துங்கள். முடித்ததும் 0, 180 சோதனையை மறுபடி செய்யுங்கள், விடை மாறியிருக்க வாய்ப்புண்டு.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஈக்வலைசர். 30, 40, 50, 63, 80, 100, 125 ஹெர்ட்ஸ் டோன்களை ஒரே வால்யூமில் ஓட்டி, போனின் சவுண்ட் மீட்டர் ஆப்பில் வரும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். ஆப்பில் வெயிட்டிங் (அதிர்வெண்ணுக்கேற்ப எண்ணைத் திருத்திக் காட்டும் முறை) என்பதை சி அல்லது இசட்டில் வையுங்கள். ஏ-யில் இருந்தால் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் கழித்துவிட்டுத்தான் காட்டும், பேஸே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். போன் மைக் 40க்குக் கீழே அவ்வளவாக நம்பத்தக்கதல்ல. ஆர்வம் இருந்தால் மினிடிஎஸ்பியின் யூமிக்-1 மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் லேப்டாப்பில் போட்டால் முழு வளைகோடும் தெரியும்.

தனியாகத் தூக்கி நிற்கும் எண்ணை மட்டும் வெட்டுங்கள். 50 ஹெர்ட்ஸ் பக்கத்து எண்களைவிட 7 டெசிபல் அதிகம் என்றால் அங்கே 5–6 குறையுங்கள். பள்ளமாக இருக்கும் இடத்தை ஏற்ற முயலாதீர்கள். காருக்குள் குறுகிய பள்ளம் என்பது இரண்டு அலைகள் மோதி அழிவதால் வருவது. அங்கே 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப் நாலு மடங்கு உழைக்கும், மோதும் இரண்டு அலையும் சேர்ந்து கூடும், பள்ளம் அப்படியே இருக்கும். அதற்கு வழி பாக்ஸை நகர்த்துவது. கோன் டிக்கிக் கதவைப் பார்க்க வைத்து, கதவுக்கும் கோனுக்கும் இடைவெளியை 10, 20, 30 செ.மீ. என்று மாற்றி அளந்து பாருங்கள். மேல்நோக்கியும் ஒரு தடவை. ஹேட்ச்பேக்கில் பின்பக்கம் பார்த்த நிலைதான் பெரும்பாலும் வெல்லும், ஆனால் விதியாகச் சொல்ல முடியாது.

மட்டமாகச் சமன் செய்த பேஸ் காரில் நன்றாகக் கேட்காது. டயர் இரைச்சல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் அது பேஸை விழுங்கிவிடும். 40–60 ஹெர்ட்ஸ் பகுதி 1000 ஹெர்ட்ஸைவிட 8 முதல் 10 டெசிபல் மேலே இருக்கட்டும், 80லிருந்து 150 வரை சீராக இறங்கட்டும். கெயினைத் தொடாமல் ஸ்டீரியோவின் சப் லெவலில் இதைச் செய்யுங்கள்.

கதவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி வேலைதான். அடியின் 'தட்' 80–150 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அதைத் தருவது கதவு ஸ்பீக்கர். கதவின் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள், அதன்மேல் ஒரு பாலிதீன் தாள். கோனின் பின்பக்கக் காற்று அந்த ஓட்டை வழியே வந்து முன்பக்கத்தை அழித்துவிடுகிறது. 2 மி.மீ. பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை வெளித்தகட்டின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினால் போதும், முழுக்க ஒட்டுவது காசுக்கும் எடைக்கும் கேடு. மிச்ச ஷீட்டில் உள்தகட்டின் ஓட்டைகளை மூடுங்கள். கண்ணாடி இறங்கும் வழியையும், கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளையும் மட்டும் அடைக்கக் கூடாது, அடைத்தால் அடுத்த மழைக்காலத்தில் கதவுக்குள் தண்ணீர் நிற்கும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம் எம்டிஎஃப் என்றால் ஊறி உதிரும், பிளாஸ்டிக் அல்லது மரைன் பிளை போடுங்கள். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் டேப் ஒரு சுற்று.

கடைசியாக நடுங்கும் இடங்கள். 30லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப்பை ஓட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று, கடகடக்கும் இடத்தையெல்லாம் கையால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் நம்பர் பிளேட், பார்சல் டிரே, டிக்கிக் கதவின் பிளாஸ்டிக் உறை, சீட் பெல்ட் பக்கிள், ஸ்டெப்னியோடு கிடக்கும் ஜாக்கி. நம்பர் பிளேட்டின் பின்னால் நாலு மூலையிலும் ஃபோம் டேப், டிரேயின் ஓரத்தில் ஃபெல்ட், ஜாக்கிக்குப் பழைய துணி.